ஒண்டியாகத் தீவுக்குப் போகலாமா? தண்டையார்பேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

தண்டையார்பேட்டைச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வயது முப்பத்தாறு. படுத்த படுக்கையாக இருந்த தந்தையை மூன்றாண்டுகள் பார்த்துக்கொண்டு, போன ஆவணியில் அவர் காலமானபின், உடம்பும் மனமும் ஓய்ந்துபோய்விட்டன. அலுவலகத்தில் பத்து நாள் விடுப்புக் கிடைக்கும். கையில் அறுபதாயிரம் ரூபாய் இருக்கிறது. தனியாக ஏதேனும் ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போய்த் தேறி வர வேண்டும் என்பது ஆசை. அது பாலியா, இலங்கையா, அந்தமானா? ஏழே நாளில் ஆளையே மாற்றிவிடுவதாக விளம்பரம் செய்யும் நலவாழ்வு முகாம்களில் சேரலாமா? ஆழ்கடல் முக்குளிப்பை (ஸ்கூபா) முயன்று பார்க்கலாமா? “ஒண்டியா எங்கடி போற?” என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

மண்ணடியில் பயணச்சீட்டு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். என் நாற்பத்தொன்றாம் வயதிலிருந்து ஒண்டியாகவே பயணம் போய் வருகிறேன். ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தமானுக்குப் போங்கள், அங்கும் ஒரே ஒரு சிறு தீவில் ஒரே அறையில் தங்குங்கள், முகாம் எதற்கும் பணம் கட்டாதீர்கள், தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டு திரும்புங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் முதல் பயணத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் மாதம், தேறி வரலாம் என்று அந்தமானுக்குக் கிளம்பினேன். ஊராருக்கெல்லாம் பயணத்திட்டம் போட்டுக் கொடுத்த கை அல்லவா, எனக்கும் ஒன்றை நுணுக்கமாகப் போட்டுக்கொண்டேன்: எட்டு நாளில் ஆறு இடங்கள். ஒவ்வொரு நாளும் படகு நேரம், அறை மாற்றம், பெட்டி கட்டுதல், ஆட்டோ பேரம். முதல் இரவே, பதிவு செய்திருந்த தங்கும் விடுதி உங்கள் பெயரே எங்களிடம் இல்லை என்று கைவிரித்துவிட்டது. இருட்டில் வேறு அறை தேடினேன். ஊர் திரும்பியபோது என் தங்கை என்னைப் பார்த்து, “அக்கா, நீ ஓய்வுக்குப் போனியா, ஆடிட்டிங்குக்குப் போனியா?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது: என்னைக் களைப்பாக்கியது வேலை மட்டுமல்ல, ஓயாமல் முடிவெடுத்துக்கொண்டே இருந்ததுதான். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, இந்தக் காய்ச்சலுக்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா அல்லது காலை வரை பொறுக்கலாமா, அண்ணனுக்கு இப்போதே சொல்வதா வேண்டாமா என்று மூன்றாண்டுகளாக நீங்கள் எடுத்த முடிவுகளுக்கு எண்ணிக்கையே இருக்காது. ஆகையால் உங்களுக்கு ஏற்ற தீவு எது என்ற கேள்விக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: எங்கே போனால் மிகக் குறைவான முடிவுகளை எடுத்தால் போதும்?

இந்த அளவுகோலில் பாலி பின்தங்கிவிடுகிறது. அது அழகில்லாத ஊர் என்பதல்ல காரணம். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பெங்களூரிலோ விமானம் மாற வேண்டியிருக்கிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று விடுப்பில் இரண்டு நாள் கரைந்துவிடும். இறங்கியவுடன் பெறும் முப்பது நாள் விசாவுக்கு 5,00,000 ரூபியா, அதாவது நம் பணத்தில் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விதிக்கப்படும் தீவு வரி 1,50,000 ரூபியா தனி. நலவாழ்வுக்குப் பெயர்பெற்ற உபுத் நகரம் கடலோரத்தில் இல்லை, தீவின் நடுவில் நெல்வயல்களுக்கு இடையே இருக்கிறது என்பது இங்கிருந்து போகும் பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. கடற்கரைக்குப் போக வாடகை வண்டி வேண்டும். ஸ்கூட்டர் எடுத்தால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். 2008 முதல் அந்தத் தீவில் வெறிநாய்க்கடி நோய் இருப்பதால், உபுத் குரங்குக் காட்டில் ஒரு குரங்கு விளையாட்டாகக் கீறிவிட்டாலும் தடுப்பூசிக்கு ஓட வேண்டும். அறுபதாயிரத்துக்குள் இவற்றையெல்லாம் அடக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். முடியும், ஆனால் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பாலியில் ஒன்று மட்டும் என்னை அசைத்தது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் பஞ்சாங்கங்களில் உள்ள அதே சக ஆண்டுக் கணக்கை வைத்து, பெரும்பாலும் மார்ச் மாதத்தில், அவர்கள் நியேபி என்ற நாளைக் கடைப்பிடிக்கிறார்கள். அன்று இருபத்துநான்கு மணி நேரம் தீ மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, கேளிக்கை கூடாது. விமான நிலையமே மூடப்படும். 2018 முதல் கைபேசி இணையத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணியும் விடுதி வாசலைத் தாண்ட முடியாது. ஆண்டுக்கு ஒரு கோடிப் பேர் வந்து போனாலும் குறையாத சந்தை இரைச்சல் கொண்ட ஒரு தீவு, ஒரு நாள் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது. பணமும் விடுப்பும் கூடுதலாக அமையும் ஓர் ஆண்டில் அந்த ஒரு நாளுக்காகவே நீங்கள் பாலிக்குப் போகலாம்.

இலங்கையைப் பற்றிச் சுருக்கமாக. யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விடுகிறார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறினால் நயினாதீவு, அதற்கும் அப்பால் பவளக்கல் வேலிகளும் காட்டுக் குதிரைகளும் கொண்ட நெடுந்தீவு. மொழித் தொல்லை துளியும் இல்லை. ஆனால் தமிழ் ஊருக்குத் தனியாகப் போகும் தமிழ்ப் பெண்ணுக்குத் தனிமை கிடைப்பது அரிது, “பிள்ளை எவடம்? கலியாணம் முடிச்சாச்சோ?” என்று அன்போடு கேட்பார்கள், நீங்களும் அன்போடு பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். துக்கம் ஆறாத இந்த நேரத்தில் அது உங்களுக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

இனி அந்தமான். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். விசா இல்லை, பணமாற்று இல்லை. முக்கியத் தீவுகளுக்கு இந்தியக் குடிமக்களுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. போர்ட் பிளேரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். ஹேவ்லாக் 2018 இறுதியிலேயே ஸ்வராஜ் தீவு ஆகிவிட்டது, நீல் தீவு ஷாஹீத் தீவு ஆகிவிட்டது. சீட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் இருக்கும். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில் தமிழ் நன்றாகவே செல்லுபடியாகும். வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனால் நம் ஊர்க் கோயிலில் நிற்பதுபோலவே இருக்கும். நம் பக்கத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தபின், தண்டையார்பேட்டையில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். கத்திப்பாரா நெரிசலில் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிய காலம் போய்விட்டது. விடியற்காலை விமானமாக இருந்தால் மட்டும் முதல் ரயிலுக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும், அதைப் பார்த்துச் சீட்டு எடுங்கள்.

நான் பரிந்துரைப்பது நீல் தீவு. ஹேவ்லாக் பெரியது, ராதாநகர் கடற்கரையின் அழகுக்கு ஈடு இல்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே கூட்டமும் விலையும் கடைகளின் அழைப்பும் கூடிக்கொண்டே வருகின்றன. நீல் தீவு தட்டையானது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்கள் காய்கறி பயிரிட்டுப் பிற தீவுகளுக்கு அனுப்பும் ஊர். வாடகை சைக்கிளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. சூரிய உதயத்துக்குச் சீதாபூர், மறைவுக்கு லட்சுமண்பூர், இடையில் குளிக்கப் பரத்பூர். அவ்வளவுதான் தேர்வு, மூன்றாம் நாளுக்கு மேல் இன்று எங்கே போவது என்ற கேள்வியே எழாது. போய் இறங்கும் நாளும் திரும்பும் முந்தின நாளும் போர்ட் பிளேரில், நடுவில் ஆறேழு நாள் நீலில். திரும்பும் முந்தின இரவைப் போர்ட் பிளேரில்தான் கழிக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன், ஏனென்றால் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், உங்களுக்காக விமானம் காத்திருக்காது.

மாசி, பங்குனி மாதங்கள் சரியான காலம். மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். முன்கூட்டியே சீட்டு எடுத்தால் விமானத்துக்குப் போக வரப் பதினைந்தாயிரம் ரூபாய் சுமார், நீலில் எளிய அறை இரவுக்கு ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு, சாப்பாடு, படகு, சைக்கிள் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்துக்குள் அடங்கும் என்பது என் கணக்கு. மீதிப் பத்தாயிரத்தைத் தொடாமல் வைத்திருங்கள். சிறு தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப முடியாது; ரொக்கமாகக் கொஞ்சம் எடுத்துப் போங்கள். விடுதிக்கு முதல் இரவுக் கட்டணத்தை மட்டும் செலுத்தி, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். நான் பட்டது போதும்.

அங்கே போனதும் உங்கள் உடம்பு முதலில் உணரப்போவது நேரத்தைத்தான். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் வேறு. நமக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் மேல் தள்ளியிருப்பதால் அங்கே எல்லாமே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாக நடந்துவிடும். நவம்பரில் மாலை ஐந்து அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும், பிப்ரவரியிலேயே ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். முதல் நாள் மாலை இது துக்கத்தைக் கிளறும். ஆறரை மணிக்கு நள்ளிரவுபோல் இருக்கும். இதை எதிர்க்காதீர்கள். எட்டு மணிக்கே படுத்து நான்கரைக்கு எழுந்துவிடுங்கள். இரவு பதினொன்றுக்கு அப்பாவுக்குக் கடைசி மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்த உங்கள் தூக்கம் ஒழுங்குக்கு வர, இருட்டும் விடியலும் சேர்ந்து செய்யும் இந்த வேலை எந்த மூலிகைத் தேநீரையும்விடப் பயன்படும். அதற்கடுத்து ஓதத்தைக் கவனியுங்கள். நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது; அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகிறது. நம் காசிமேட்டில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே மூன்றடி வித்தியாசம் என்றால், அங்கே அதைப்போல் இரு மடங்கு. நீர் வற்றும்போது லட்சுமண்பூர்ப் பக்கம் பாறை வளைவின் அடியில் முழங்கால் ஆழக் குட்டைகள் தெரியும்; அவற்றில் கடல் அட்டையும் சிறு மீனும் நண்டும் சிக்கிக்கொண்டிருக்கும். நான் இரண்டாம் முறை போனபோது என் நாளை ஓதத்தை வைத்தே அமைத்துக்கொண்டேன். எப்போது நடப்பது, எப்போது குளிப்பது என்பதைக் கடல் சொல்லிவிடும். பவளத்துண்டும் சங்கும் பொறுக்கிக்கொண்டு வர வேண்டாம். சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். இது எனக்கு முக்கியமாகத் தோன்றுவதற்கு நம் ஊர்தான் காரணம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே பிறந்து வளர்ந்த பெண்களில் எத்தனை பேர் கழுத்தளவு கடலில் நின்றிருக்கிறோம்? நமக்கும் கடலுக்கும் இடையில் கருங்கல் குவியல் இருக்கிறது. கரையோர மணல் நம் கடற்கரையில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1881-இல் செயல்படத் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள் அந்த மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே நம் கரை அரிக்கப்பட்டது. மேலும் அரிக்காமல் இருக்கத்தான் கல் கொட்டினார்கள். தெற்கே இருப்பவர்களுக்குக் கடற்கரை, நமக்குக் கல்கரை. அதன்மேல் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரமெங்கும் படிந்த எண்ணெய், 2004-இன் சுனாமி. கடல் என்றால் பயம் அல்லது அழுக்கு என்றே நம் உடம்புக்குப் பதிந்திருக்கிறது. பரத்பூரில் இடுப்பளவு நீரில் நின்று குனிந்தால் உங்கள் கால்விரல் நகம் தெரியும். அந்தத் தெளிவை ஒருமுறை பார்த்த பின் பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

போவதற்கு முன்பே இரண்டு வாரம் அருகில் உள்ள நீச்சல் குளம் ஒன்றில் மகளிர் நேரத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டால் நல்லது. நீந்த வேண்டும் என்பதில்லை. மல்லாந்து படுத்து, காது இரண்டும் நீருக்குள் மூழ்க, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக் கொஞ்சம் நிறுத்தி மெதுவாக விட்டால் உடம்பு மிதக்கும். கழுத்தை நிமிர்த்தினால் கால் தாழும். கடல்நீர் குளத்து நீரைவிட அடர்த்தியானது என்பதால் அங்கே இன்னும் எளிது. நம்பிக்கை வர மூன்று நாள் ஆகலாம். மூன்றாண்டு ஒருவரைத் தாங்கிப் பிடித்த உங்களை இப்போது தண்ணீர் தாங்குகிறது என்பதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. முதுகின் தசைகள் உண்மையாகவே அப்போதுதான் விடுபடும். மெத்தையில் படுத்தாலும் கிடைக்காத தளர்வு அது. எச்சரிக்கை சொல்ல மறக்கக் கூடாது. தனியாக ஆழத்துக்குப் போகாதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் இடத்திலேயே குளியுங்கள். அலை உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி அந்த நீரோட்டத்திலிருந்து விலக வேண்டும். அலையாத்திக் காடுகள், கழிமுகங்கள் பக்கம் முதலை இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையை வேடிக்கையாக நினைக்காதீர்கள், ராதாநகர் அருகிலேயே 2010-இல் ஓர் உயிர் போயிருக்கிறது.

ஆழ்கடல் முக்குளிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் முதல் அனுபவ முக்குளிப்பு உண்டு. அதிகபட்சம் பன்னிரண்டு மீட்டர். பத்து மீட்டர் ஆழத்திலேயே உடம்பின்மேல் உள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடுகிறது; அதனால்தான் காது அடைக்கிறது, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அதைச் சமன்செய்யச் சொல்லித் தருவார்கள். மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது, ஏனென்றால் மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரியும். சளி, சைனஸ், ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு இவற்றில் எதுவும் இருந்தால் மருத்துவரின் எழுத்து இல்லாமல் இறங்காதீர்கள். படிவத்தில் பொய்யாக இல்லை என்று நிரப்பச் சொல்லும் கடையைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். முக்குளித்தபின் ஒரு நாள் கழித்தே விமானம் ஏறலாம். ஆகவே இதைப் பயணத்தின் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், இது இல்லாமல் பயணம் குறைந்துபோகாது.

இப்போது முகாம்கள். முடிவெடுக்கும் சுமையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், காலை யோகா முதல் இரவு தியானம் வரை எல்லாவற்றையும் அவர்களே வகுத்துத் தரும் முகாம் நல்லதுதானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் ஒருமுறை சேர்ந்து பார்த்தவள். முடிவுகள் குறைகின்றன என்பது உண்மை. ஆனால் கடிகாரம் கூடிவிடுகிறது. ஆறு மணிக்கு மூச்சுப் பயிற்சி, எட்டுக்குச் சாறு, பத்துக்கு வட்டமாக உட்கார்ந்து உள்ளத்தைத் திறத்தல். மூன்றாண்டு மாத்திரை நேரத்துக்கு எழுந்து நடந்தவருக்கு இன்னொரு மணியடிப்பு எதற்கு? அதிலும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து, நேற்றுப் பார்த்த பன்னிரண்டு பேருக்கு நடுவில், அப்பா இறந்ததைச் சொல்லி அழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுதால் மாற்றம் வந்துவிட்டதாகக் கைதட்டுகிறார்கள். எண்ணெய்ப் பிழிச்சலும் தொக்கணம் என்ற சித்த மருத்துவ உடற்பிடிப்பும்தான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவமனை இருக்கிறது. படித்த மருத்துவர் நாடி பார்த்துச் சொல்வார், கடற்கரைக் கூடாரத்துக் கட்டணத்தில் சிறு பங்குகூட ஆகாது. மெய்யான சுத்திகரிப்பு சிகிச்சைக்கு உணவுக் கட்டுப்பாடும் வெயில் படாத ஓய்வும் வேண்டும். அதையும் கடல் குளியலையும் ஒரே வாரத்தில் சேர்த்து விற்பவர்களுக்கு இரண்டில் ஒன்று தெரியாது.

மூன்றாம் நாள் மாலையைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் இரண்டு நாள் புதுமையில் ஓடிவிடும். மூன்றாம் நாள் இருட்டியதும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்து மேசையில் புதுமணத் தம்பதிகள் சிரித்துக்கொண்டு மீன் சாப்பிடுவார்கள். எதற்காக இங்கே வந்தோம் என்று தொண்டை அடைக்கும். எனக்கு மூன்று பயணங்களிலும் அது வந்தது. அந்த நேரத்தில் கைபேசியை எடுத்தால் இரவு முழுக்க அதிலேயே போய்விடும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடியாக 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கம்பி போட்டபின் அங்கே இணையம் முன்புபோல் இழுபறி இல்லை. தீவுக்குப் போனால் தானாகவே தொடர்பு அறுந்துவிடும் என்ற காலம் முடிந்தது. நீங்களேதான் அறுக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு, அம்மாவிடம் பத்து நிமிடம் பேசுங்கள். பிறகு அணைத்துவிட்டு ஒரு நோட்டில் அன்றைக்குப் பார்த்ததை எழுதுங்கள். உணர்ச்சியை எழுத வேண்டாம், அது தானாக வரும். எத்தனை மணிக்கு ஓதம் ஏறியது, என்ன சாப்பிட்டீர்கள், எந்த நிறத்து நண்டு. அப்பாவுக்கு எழுதிவைத்த மருந்துக் குறிப்பேட்டைப் போலத்தான், இது உங்களுக்கானது. நான்காம் நாள் காலை பெரும்பாலும் இலேசாக விடியும்.

விடியாவிட்டால்? இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தூக்கமும் பசியும் அடியோடு போயிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், இப்போது தீவுக்குச் சீட்டு எடுக்காதீர்கள். அது களைப்பு அல்ல, நோய். அதைத் தனிமை கூட்டுமே ஒழியக் குறைக்காது. ஸ்டான்லி மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மனநலப் பிரிவுப் புறநோயாளர் சீட்டு வாங்கிப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். குணமான பின் தீவு எங்கேயும் போய்விடாது. களைப்பா நோயா என்று உங்களுக்கே தெளிவில்லை என்றால் ராமேஸ்வரத்துக்கு இரண்டு நாள் ஒண்டியாகப் போய் வாருங்கள். அதுவும் தீவுதான், இரவு ரயிலில் ஏறினால் காலையில் பாம்பன் பாலத்தில் கடலுக்குமேல் போய்க்கொண்டிருப்பீர்கள். அப்பாவுக்குச் செய்ய வேண்டியது ஏதேனும் பாக்கி இருந்தால் அக்னி தீர்த்தத்தில் முடித்துவிடலாம், தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரின் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அந்த இரண்டு நாள் தாங்கினால் எட்டு நாளும் தாங்கும்.

அம்மாவுக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். ஒரு தாளைக் கொடுங்கள். விமான எண், படகு நேரம், விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும், எந்த நாள் எங்கே, எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்பதெல்லாம் அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதை அவர்கள் பூஜையறைக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள். என் அம்மா அப்படித்தான் செய்தார். அக்கம்பக்கத்தார் கேட்டபோது “ஒண்டியா போயிருக்கா” என்று இழுக்காமல், “இன்னிக்கு நீல் தீவுல இருக்கா” என்று தாளைப் பார்த்துப் பெருமையோடு சொல்லியிருக்கிறார். அங்கே இருட்டிய பின் ஆளில்லாத கரையில் நடக்காதீர்கள். அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை முதல் நாளே சோதியுங்கள். தனியாகவா வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு அண்ணன் நாளை வருகிறார் என்று சொல்வதில் பாவம் இல்லை.

கடைசியாக, விடுப்பு இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஒரு வழியையாவது கப்பலில் வையுங்கள், திரும்பும் வழியாக இருந்தால் மேல். போர்ட் பிளேரில் ஹேடோ துறையில் ஏறினால் மூன்று நாளில் சென்னைத் துறைமுகம். அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்பின் கட்டணம் விமானத்தில் பாதிகூட இல்லை. சோறும் பருப்பும் கிடைக்கும், ருசியைப் பற்றிப் பேச வேண்டாம். வாந்திக்கு மாத்திரையும் எலுமிச்சையும் கையில் இருக்கட்டும். கப்பல் நாட்கள் சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும் என்பதால் விமானச் சீட்டைப் போகும் வழிக்கு மட்டும் முதலில் எடுத்துவிட்டுக் கப்பல் அட்டவணைக்குக் காத்திருங்கள். மூன்றாம் நாள் தளத்துக்கு வந்து நின்றால் நம் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கடலுக்கு மேல் மெல்ல எழும்பும். அவற்றுக்கு இடப்பக்கமாகக் கண்ணை ஓட்டினால் காசிமேட்டு விசைப்படகுகள் தெரியும். கரையிலிருந்தே பார்த்துப் பழகிய கடலிலிருந்து கரையைப் பார்ப்பீர்கள். இறங்கியதும் ஆட்டோ தேட வேண்டாம், கடற்கரை ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. வேலைக்குப் போவதற்கு முன் ஒரு முழு நாளை வீட்டில் துணி துவைக்கவும் தூங்கவும் விட்டுவைத்துக்கொள்ளுங்கள்.